செகண்ட் ஹேண்ட் மூன்று சக்கர ஸ்கூட்டர் வாங்கப் போறீங்களா? முதலில் உங்கள் உடம்பைக் கேளுங்கள்



டாக்டர் ஏன் வண்டியைப் பற்றி எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ கால் நடக்க முடியாத ஒருவர் இருந்தால் கடைசி வரை படிங்க.

போன வருடம் எங்கள் மருத்துவமனைக்கு ஒரு தம்பி வந்தார். பட்டுக்கோட்டைப் பக்கம். தென்னை மரம் ஏறுவது தொழில். மரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. ஆனால் மனுஷன் ஓயவில்லை. மரம் ஏற முடியாவிட்டால் என்ன, தோப்பு தோப்பாகப் போய் தேங்காய் பேசி முடித்துக் கொடுக்கும் தரகு வேலையை எடுத்துக்கொண்டார். அதற்காக மச்சான் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார். பக்கச் சக்கரம் மாட்டியது. 32 ஆயிரம் ரூபாய். தினமும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டம்.

வண்டி வந்து இரண்டு மாதத்தில் அவர் எங்களிடம் வந்தார். உட்காரும் இடத்தில் புண். வெளியே பார்த்தால் ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான். உள்ளே விரல் போகும் ஆழம்.

"வலியே இல்ல சார். வேட்டியில கறை இருக்குன்னு வீட்ல சொன்னப்பறம்தான் தெரிஞ்சுது."

வலி இல்லாததுதான் இங்கே ஆபத்து. நாம் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நம்மை அறியாமலே நெளிகிறோம், ஒரு பக்கம் சாய்கிறோம். உணர்வு இல்லாதவருக்கு அந்த அலாரம் அடிக்காது. இரண்டு உட்காரும் எலும்புகளுக்கும் சீட்டுக்கும் நடுவில் தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, சதை உள்ளிருந்து செத்துப்போகிறது. படுக்கைப்புண் என்று பெயர் வைத்துவிட்டதால் படுத்தே கிடப்பவருக்குத்தான் வரும் என்று நினைக்கிறோம். உட்கார்ந்தே இருப்பவருக்கும் வரும்.

வண்டியைக் கொண்டுவரச் சொல்லி சீட்டை அழுத்திப் பார்த்தேன். பலகை மாதிரி இருந்தது. ஏறுவதற்கு வசதியாக உயரத்தைக் குறைக்கிறேன் என்று முன்பு வைத்திருந்தவர் சீட்டின் ஃபோமை அறுத்து எடுத்திருக்கிறார். மேலே புது ரெக்ஸின் உறை. பார்க்கப் பளபளப்பு.

அந்தத் தம்பி மூன்று மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தார். வருமானம் போச்சு. வண்டியையும் விற்றாச்சு.

புண் ஆறியதும் என்னிடம் கேட்டார்: "சார், மறுபடியும் வண்டி வாங்கணும். ரெண்டு பாத்து வச்சிருக்கேன். எதை வாங்கட்டும்?"

ஒன்று 125 சிசி. மூன்று வருடப் பழசு, புது பெயின்ட், அலாய் வீல், 58 ஆயிரம். இன்னொன்று 110 சிசி. ஏழு வருடப் பழசு, பெயின்ட் மங்கியது, 45 ஆயிரம். மச்சான் முதல் வண்டிக்குத்தான் ஓட்டுப் போட்டார். "இழுவை நல்லா இருக்கு சார்."

எனக்கு வண்டியின் இழுவையைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த உடம்பைத் தெரியும். அதனால் தெரிந்த இடத்திலிருந்து பார்த்தோம். கூடவே எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருவரையும் அழைத்துக்கொண்டோம். அன்றைக்குக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இது எப்படிப்பட்ட வண்டி?

யூடியூபில் வெளிநாட்டு மூன்று சக்கர டூரிங் பைக்குகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால் கேன்-ஆம் ஸ்பைடர். பின்னால் இரண்டு இருந்தால் ஹார்லி டேவிட்சனின் ட்ரை கிளைடு. அவை கம்பெனியிலேயே மூன்று சக்கரமாகப் பிறந்தவை. நம் ஊர் வண்டி இரண்டு சக்கரமாகப் பிறந்து, பிறகு பட்டறையில் பக்கத்துக்கு ஒன்றாகச் சக்கரம் மாட்டப்பட்டது. எண்ணிப் பார்த்தால் நான்கு சக்கரம், பேச்சுவழக்கில் மூன்று சக்கரம். ஆகவே கம்பெனி பெயரை வைத்து மட்டும் இதை மதிப்பிட முடியாது. பட்டறை வேலை எப்படி என்று பார்க்கணும். பக்கச் சக்கரத்தைத் தாங்கும் கம்பியின் வெல்டிங்கில் விரிசல், துரு, புதுசாகப் பூசிய பெயின்ட் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்க. அங்கே மட்டும் புது பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்க.

2. நடுச் சக்கரம் தரையில் இருக்கிறதா?

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் பக்கச் சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. பின் பிரேக்கும், வண்டியைத் தள்ளும் சக்தியும் நடுவில் இருக்கும் பழைய பின் சக்கரத்தில்தான். பக்கச் சக்கரங்கள் ஸ்பிரிங் இல்லாமல் விறைப்பாக மாட்டப்பட்டிருந்தால், மேடு பள்ளத்தில் அவை இரண்டும் மேட்டில் ஏறி நிற்கும், நடுச் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். அந்த நேரத்தில் இழுவையும் இல்லை, பின் பிரேக்கும் இல்லை. தோப்புப் பாதையில் ஓட்டுகிறவருக்கு இது உயிர் விஷயம்.

மெக்கானிக் அண்ணன் ஒரு எளிய சோதனை காட்டினார். ஓட்டப்போகிறவரை மேலே உட்கார வைத்து, நடுச் சக்கரத்துக்கு அடியில் ஒரு பேப்பரைச் செருகி இழுக்கணும். சுலபமாக வழுக்கி வந்தால் பாரம் அதன் மேல் இல்லை என்று அர்த்தம். அந்த 125 சிசி வண்டியில் பேப்பர் வெண்ணெய் மாதிரி வந்தது. 110இல் கிழிந்தது.

3. ஏறி இறங்க முடிகிறதா?

வீல்சேர் சீட்டின் உயரம் சுமார் 45 முதல் 50 சென்டிமீட்டர். ஸ்கூட்டர் சீட் சுமார் 75 சென்டிமீட்டர். அந்த ஒரு அடி உயரத்துக்குத் தன் உடம்பு முழுவதையும் கையாலேயே தூக்கிப் போடணும். ஒரு நாளைக்கு எத்தனை தோப்பு, எத்தனை தடவை என்று கணக்குப் போடுங்க. தோள்பட்டை மூட்டு நடப்பதற்காகப் படைக்கப்பட்டது இல்லை. அது தேய்ந்து தசைநார் கிழிந்தால், கால் போனவருக்குக் கையும் போன மாதிரி. சிறு வயதில் போலியோ வந்த அண்ணன்களும் அக்காக்களும் நாற்பது ஐம்பது வயதில் "புதுசா கை அசருது டாக்டர்" என்று வருகிறார்கள். போலியோ வந்து பல வருடம் கழித்து இப்படிப் புதிய தளர்ச்சி வருவதுண்டு. அவர்களும் தோளைச் சேமித்துத்தான் செலவு செய்யணும்.

எனவே பக்கச் சக்கரத்துக்கு மேலே நடுவழியில் உட்கார்ந்து ஏற ஒரு பலகையும், பிடித்துக்கொள்ள உறுதியான கைப்பிடியும் இருக்கிறதா பாருங்க. ஏறும்போது வண்டி நகரக்கூடாது. பிரேக் லிவரைப் பூட்டும் கிளிப் வேலை செய்கிறதா என்று சரிவில் நிறுத்திப் பாருங்க. காலால் உந்திப் பின்னால் தள்ள முடியாது என்பதால் ரிவர்ஸ் வசதி இருந்தால் பெரிய உதவி. கிக்கர் உதைக்கவும் முடியாது. ஆகவே பேட்டரியும் செல்ஃப் ஸ்டார்ட்டும் நல்ல நிலையில் இருப்பது கட்டாயம்.

4. சீட்டும் காலும்

சீட்டை முட்டியால் அழுத்திப் பாருங்க. அடியில் தகடு தட்டினால் புது ஃபோம் போடும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்க. தயவுசெய்து நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையோ, காற்றடைத்த டயர் ட்யூபோ வைத்து உட்காராதீங்க. வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். அரைமணிக்கு ஒருமுறை வண்டியை ஓரம் கட்டி, முன்னால் நன்றாகக் குனிந்து, இரண்டு நிமிடம் உட்காரும் இடத்துக்கு ஓய்வு கொடுங்க. இரவில் கண்ணாடி வைத்துப் பாருங்க, அல்லது வீட்டில் உள்ளவரைப் பார்க்கச் சொல்லுங்க. சிவந்தோ கறுத்தோ ஓர் இடம் மாறாமல் இருந்தால் அது சரியாகும்வரை வண்டி வேண்டாம். மருத்துவரைப் பாருங்க.

உணர்வில்லாத கால் ஃபுட்போர்டிலிருந்து நழுவி ரோட்டில் உரசினாலும் தெரியாது, சூடான சைலன்சரில் ஒட்டிக்கொண்டாலும் தெரியாது. கால் வெளியே போகாதபடி தடுப்பு இருக்கணும். சைலன்சருக்கு உறை இருக்கணும். காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், அகலமான ஒட்டுப் பட்டையால் தளர்வாகப் பிடிக்க வையுங்க. செருப்புக்குப் பதிலாக மூடிய ஷூ.

5. வளைவு

இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும். இது சாயாது. சாயாத வண்டியில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தள்ளு நான்கு மடங்கு. இடுப்புப் பிடிமானம் இல்லாதவர் ஹேண்டிலைத்தான் பிடித்துத் தொங்குவார். அப்புறம் திருப்புவது எப்படி? அதனால் முதுகுச் சாய்வு இருக்கிற வண்டியாகப் பாருங்க. 125 சிசியின் கூடுதல் இழுவை இங்கே பெரிய லாபமில்லை. வளைவில் வேகத்தைக் குறைத்தே ஆகணும். ஹெல்மெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லையே?

6. காகிதம்

வண்டியில் செய்த மாற்றம் ஆர்சியில் பதிவாகி இருக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு இதைப் பற்றியது. பதியாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் வாங்குவது பெரும்பாடு. ஆர்சி 15 வருடத்துக்குத்தான் என்பதால் மீதி எத்தனை வருடம் என்று பாருங்க. உங்கள் லைசென்ஸும் மாற்றியமைத்த வாகனத்துக்கானதாக இருக்கணும். அந்த 125க்கு ஆர்சியில் இன்னும் வெறும் இரண்டு சக்கர வண்டி என்றே இருந்தது. 110இல் எல்லாம் சரி.

இவ்வளவுக்கும் முன்னால் ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பக்கச் சக்கரம் பொருத்திய புது ஸ்கூட்டர் கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. அடையாள அட்டையோடு போய் உங்களுக்குத் தகுதி உண்டா என்று முதலில் கேளுங்க. தகுதி இருந்தும் தெரியாமல் வட்டிக்கு வாங்கிப் பழைய வண்டி எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி என் கருத்து.

முதல் வண்டியை வாங்கும்போது அந்தத் தம்பி கூடப் போகவில்லை. "நீ எதுக்கு அலையணும், நாங்க பாத்துக்கறோம்" என்று பாசத்தில்தான் விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று பேர் போய் ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் கால் நன்றாக இருக்கிறது. அந்த சீட்டில் உட்கார்ந்து அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகும்?

நாம் செருப்பு வாங்கினால்கூட காலில் போட்டுப் பார்க்கிறோம். ஒரு மனிதனுக்குக் காலாக இருக்கப்போகிற வண்டியை அவர் உட்கார்ந்து பார்க்காமல் வாங்குவது என்ன நியாயம்? ஓட்டப்போகிறவர் வரணும், ஏறணும், இறங்கணும், அரைமணி நேரம் ஓட்டணும். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்குத்தான்.

குற்றம் குடும்பத்தின் மேல் மட்டும் இல்லை. விபத்துக்குப் பிறகு இரண்டு முறை அவர் எங்கள் ஓபிக்கு வந்திருக்கிறார். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து எழுதினேன். "எதில் வந்தீங்க? எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழியில் கழிப்பறை கிடையாது என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் ஓட்டியிருக்கிறார். தொற்றுக்கு அதுவும் ஒரு காரணம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. இப்போது நடக்க முடியாத யார் வந்தாலும் வண்டியைப் பற்றிக் கேட்கிறேன். முடிந்தால் வெளியே போய் சீட்டை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். ஒரு நிமிடம்தான் ஆகும்.

தம்பி 110ஐத்தான் வாங்கினார். மிச்சமான பணத்தில் புது ஃபோம், முதுகுச் சாய்வு, சைலன்சர் உறை. மச்சானுக்கு இன்னும் அந்த அலாய் வீல் மேல் ஒரு கண் உண்டு.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. மனோராவுக்கு முன்னால் வண்டி, வண்டி மேல் அவர், பின்னால் அவருடைய மகள். கீழே ஒரு வரி: "அரைமணிக்கு ஒருக்கா நிறுத்தித்தான் சார் வந்தோம். பாப்பா டைம் பாத்து சொன்னா."

தெரிந்தவர்களுக்குப் பகிருங்கள், சொந்தங்களே. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, ட்யூட்டி முடிந்து பதில் சொல்றேன்.