பிரசவ லீவு கண்டிராக்டர் போடும் பிச்சையா?

"நீ கம்பெனி ஆள் இல்லை, கண்டிராக்ட் ஆள். உனக்கேது பிரசவ லீவு?" கண்டிராக்டர்களும் அவர்களுடைய கையாட்களும் பாடும் பழைய பல்லவி இது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அவற்றைச் சுற்றி எழுந்த ரசாயனத் தொழிற்சாலைகள் எல்லாம் கண்டிராக்ட் உழைப்பை உறிஞ்சித்தான் வளர்ந்தன. கூட்டவும் கழுவவும் சுமக்கவும் பெண் வேண்டும். அவள் பிள்ளையுண்டானால் மட்டும் ஆளையே தெரியாதாம்!

இது வெறும் கல்நெஞ்சல்ல, தோழர்களே, அப்பட்டமான சட்டமீறல்!

டில்லி மாநகராட்சியும் இதே பல்லவியைத்தான் பாடியது. பள்ளம் தோண்டி ரோடு போட்ட தினக்கூலிப் பெண்கள் பிரசவ லீவு கேட்டார்கள். மஸ்டர் ரோல் ஆட்களுக்குக் கிடையாது, நிரந்தர ஊழியருக்குத்தான் என்றது நிர்வாகம். பெண்கள் ஓய்ந்துவிடவில்லை. சங்கத்தின் மூலம் வழக்காடினார்கள். தொழில் தீர்ப்பாயத்தில் நிர்வாகம் தோற்றது. ஐகோர்ட்டில் தோற்றது. சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது; அங்கும் மண்ணைக் கவ்வியது. தினக்கூலிப் பெண்ணுக்கும் 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பு வந்த நாள் 2000 மார்ச் 8. சர்வதேச மகளிர் தினம்!

அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. புதிய தொகுப்புகள் தொழிலாளியிடமிருந்து பறித்தவை ஏராளம், அது தனிக்கதை. இந்த உரிமையில் மட்டும் கைவைக்கத் துணியவில்லை. பிரசவத் தேதிக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும், 26 வாரம் சம்பளத்தோடு லீவு. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம்தான். (மூன்றாவது பிள்ளை பெற்றவளின் உடம்பு சீக்கிரம் தேறிவிடுமோ? சட்டம் எழுதிய மகானுபாவர்களைத்தான் கேட்க வேண்டும்.) கர்ப்பமாக இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்தினாலும், அந்தக் காரணத்தால் இந்தப் பணத்தை மறுக்க முடியாது.

இ.எஸ்.ஐ.யில் பதிந்த பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. பணம் கொடுக்கும். கண்டிராக்ட் ஆளுக்கும் சந்தாவை முதலில் கட்ட வேண்டியவர் ஆலை முதலாளியே. இது தெரிந்துதான் சந்தாவை விழுங்குவதும், மஸ்டரில் பெயரை விடுவதும், கண்டிராக்டர் பெயரை மாற்றிக் கணக்கைக் குழப்புவதும்! ஆகவே, வேலை செய்த ஒவ்வொரு நாளையும் நோட்டில் குறித்து வையுங்கள். எந்தத் தேதி, எந்த ஷிப்டு, எந்தக் கண்டிராக்டர் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குச் சங்கத் தோழர் எழுதிக் கொடுக்கட்டும்.

மணலிக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. பெட்ரோலியத்தில் பென்சீன் என்ற விஷம் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் பென்சீன் படும் வேலையில் வைக்கக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 1971இல் உடன்படிக்கை செய்தது. இந்திய சர்க்கார் 1991இல் அதை ஏற்றது. ஆலைக்குள் டாங்கி கழுவும் பெண்ணிடம் இதை யார் சொன்னார்கள்?

ஆலைப் பெண்ணுக்குச் சட்டமாவது இருக்கிறது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நாற்று நடும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. அவளுக்கு உள்ளது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 18,000 ரூபாய். அதிலும் ஒரு பகுதி பணமல்ல, சத்துணவுப் பெட்டகம். 26 வாரத்துக்கு வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 99 ரூபாய்கூடத் தேறாது! சேற்றில் குனிந்து நின்றவளின் பிரசவம் அவ்வளவு மலிவா? விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கும் 26 வாரக் கூலியைச் சர்க்கார் கொடுக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மணலி ஆலைச் சங்கங்களும் இந்தக் கோரிக்கையைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும்.