பிள்ளை பெற்றதற்கு பென்ஷனில் வெட்டா?

என் அம்மாவுக்கு மூன்று பி.எஃப். எண்கள். நான் பிறக்கும்வரை ஒன்று, எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒன்று, தம்பியைப் பள்ளியில் சேர்த்த பிறகு ஒன்று. இரண்டு பிரசவத்துக்கும் வேலையை விட்டார். கணக்கில் இருந்த பணத்தை எடுத்துத்தான் வீட்டைப் பார்த்தார். மூன்றாவது கணக்கில் 8 ஆண்டு. 58 வயதில் பென்ஷன் கேட்டபோது, 10 ஆண்டு நிறையவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிவகாசி பட்டாசு ஆபீசில் அவர் உழைத்தது மொத்தம் 14 ஆண்டு.

இது என் அம்மாவின் தலையெழுத்து அல்ல. விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் சந்தா செலுத்திய காலம்தான் பணிக்காலம். சராசரிக் கூலியைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவதே பென்ஷன்.

வேலையை விடாமல் பிள்ளை பெறுகிறவருக்கும் இழப்பு உண்டு. இ.எஸ்.ஐ. இருந்தால் 26 வாரம் மகப்பேற்றுப் பணம் வரும். ஆனால் அது முதலாளி தரும் கூலி அல்ல. கூலி இல்லாத மாதத்துக்கு பி.எஃப். சந்தாவும் இல்லை. இரண்டு பிள்ளைக்கு 52 வாரம், அதாவது ஓர் ஆண்டு. மாதம் ரூ.10,000 கூலி என்று வைத்தால், அந்த ஓர் ஆண்டுக்காக மாதம் 143 ரூபாய் சாகும்வரை குறையும்.

இதெல்லாம் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களின் கதை. உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளில் குரோஸ் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்கு இழக்கக்கூட எதுவும் இல்லை.

இதில் சாதி எங்கே வந்தது என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். விடியுமுன் ஆபீஸ் பஸ் ஏறுகிறவர்களைப் பாருங்கள். கரிசலில் நாலு ஏக்கர் இருப்பவர் பிள்ளை பெற்றபின் வீட்டில் இருந்து சமாளிக்கலாம். எங்கள் காலனிப் பெண்ணுக்கு நிலம் இல்லை. அவருக்கு முதுமையில் சோறு போட இருப்பது உழைத்த ஆண்டுகளின் கணக்கு மட்டும்தான். அதிலும் கை வைக்கிறார்கள். நிலத்தை மறுத்த சாதிதான் கிழவியின் சோற்றையும் மறுக்கிறது.

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் முழு ஊதியத்தோடு மகப்பேறு விடுப்பு. அது நியாயமான உரிமை, நான் எதிர்க்கவில்லை. ஒரு தாய்க்கு அந்த 12 மாதம் பணிக்காலம், இன்னொரு தாய்க்கு 26 வாரமும் வெற்றுக்காலம் என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வெடுப்பது நாட்டின் நலன், அந்தச் சுமையில் அரசுக்கும் முதலாளிக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம். அதை முதுமைவரை நீட்டச் சொல்கிறோம், அவ்வளவுதான். செய்ய முடியாததும் அல்ல. ஜெர்மனியில் 1992 முதல் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 3 ஆண்டு ஓய்வூதியக் கணக்கில் சேர்கிறது. அந்தச் சந்தாவை அரசே செலுத்துகிறது.

கேட்பது மூன்று. மகப்பேற்றுக் காலத்தைப் பணிக்காலமாக எழுது. அதற்கான சந்தாவை ஒன்றிய அரசும் முதலாளியும் செலுத்தட்டும். உள்குத்தகை அறைகளில் உள்ள ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் பதிவேட்டில் ஏற்று. 2014இல் வைத்த 1,000 ரூபாய் குறைந்தபட்ச பென்ஷனை உயர்த்து.

தோழிகளுக்கும் ஒன்று. பிரசவத்துக்காக வேலையை விடும்போது 10சி படிவத்தை நீட்டுவார்கள். அதில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேளுங்கள். மறுபடி வேலைக்குச் சேரும்போது பழைய ஆண்டுகள் கூடிவரும். அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று 14 ஆண்டுக்கான பென்ஷன் வந்திருக்கும்.