பாட்டிலில் ஒட்டிய புத்தகம்

மல்லாட்டைக் கொல்லைக்கு மருந்து அடிச்ச என் சித்தப்பா மயங்கி விழுந்தார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்துப்பா?" பாட்டில் இருந்தது, லேபிள் மருந்து வழிந்து அழிஞ்சிருந்தது. விவரமெல்லாம் அச்சான துண்டுத்தாளோ, அட்டைப்பெட்டியோடு கடை வாசலிலேயே போய்விட்டது. (சித்தப்பா பிழைத்தார்.)

விஷ அறிகுறி, முதலுதவி, மாற்று மருந்து எல்லாம் இந்தி, ஆங்கிலம், வட்டார மொழியில் துண்டுத்தாளாகப் பெட்டிக்குள் வைக்கச் சொல்கின்றன 1971 பூச்சிக்கொல்லி விதிகள். 100 மில்லி பாட்டிலின் வயிற்றில் இத்தனையும் அடங்குமா? சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் அளவைச் சொல்லும் முக்கோணம் கண்ணில் படும். எழுத்துக்குப் பூதக்கண்ணாடி வேணும்.

வழி இருக்கு: பல பக்க லேபிள். மடித்த சிறு புத்தகத்தைப் பாட்டிலோடேயே ஒட்டிவிடுவது. ஆனால் பக்கம் கூடக்கூட விறைப்பு கூடும். பாட்டில் ஒல்லியாக ஆக ஆக ஓரம் தூக்கிக்கும். ஆகவே மெல்லிய காகிதம், குறைந்த மடிப்பு, பிடிப்பான பசை, மேலே திறந்து மூடும் பிளாஸ்டிக் படலம். தட்டையான அட்டையில் ஒட்டிப் பார்த்து 'ஓ.கே.' சொல்வதில் பிரயோஜனமில்லை. அதே பாட்டிலில் ஒட்டி, நம்ம ஊர் வெயிலில் ஒரு வாரம் போட்டு, ஈரக்கையால் திறந்து பார்க்கணும்.

செலவு கூடும் என்பார்கள். கூடட்டுமே! அதுவரை, கடைக்கார அண்ணன்களே, துண்டுத்தாளை ரப்பர் பேண்டு போட்டுப் பாட்டிலோடு கட்டிக் கொடுங்க.