வாக்கு எவருடைய முதுசொம்?

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத் தென்கோடியில், மெக்சிக்கோ எல்லையோரம் ஸ்ரார் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கு வாழ்வோர் ஏறக்குறைய அனைவருமே ஹிஸ்பானியர். அதாவது, ஸ்பானிய மொழி மரபினர். நூறாண்டுக்கு மேலாக அது ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2016இல் திருமதி கிளின்ரன் அங்கே 79 வீத வாக்குகள் பெற்றார். 2024இலோ குடியரசுக் கட்சியின் திரு. ட்றம்ப் 57 வீதத்துக்கு மேற்பெற்று வென்றார்! 1892க்குப் பின் அக்கட்சிக்கு அங்கு கிட்டிய முதல் வெற்றி அது.

இதை நன்றிகேடு என்பாருளர். எதற்கு நன்றி என்று கேட்கிறோம். விலைவாசி ஏறி வீட்டுச் செலவு தாளாதபோதும், பாட்டனார் இட்ட இடத்திலேயே பேரனும் புள்ளடி இடவேண்டுமென்பது என்ன நியாயம்?

குடியரசுக் கட்சியினரும் துள்ளிக் குதிக்க வேண்டா. 1994இல் கலிபோர்னியாவில், அனுமதியின்றிக் குடியேறியோருக்குப் பாடசாலைக் கதவை அடைக்கும் 187ஆம் பிரேரணையை ஆதரித்தே அவர்களின் ஆளுநர் வில்சன் மீண்டும் வென்றார். நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ஆனால் வெகுண்டெழுந்த ஹிஸ்பானியர் பெருந்தொகையாகப் பிரசாவுரிமை பெற்று வாக்காளராகப் பதிந்தனர். 2006க்குப் பின் மாநிலம் தழுவிய பதவி எதனையும் அக்கட்சி அங்கு வெல்லவில்லை.

ஸ்பானிய மொழியில் வாக்குச்சீட்டுப் பெறவே பல பகுதிகளில் 1975ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வரை காத்திருந்த மக்கள் இவர்கள். (தாய்மொழி வாக்குச்சீட்டின் அருமையை நம் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.) 2020 குடிசன மதிப்பீட்டின்படி ரெக்சாஸில் ஹிஸ்பானியர் 39.3 வீதம்; ஹிஸ்பானியரல்லாத வெள்ளையர் 39.7 வீதம். தேர்தற் காலத்தில் மட்டும் படலைக்கு வந்துபோகும் வழக்கத்தை இரு கட்சிகளும் இனிக் கைவிட்டேயாக வேண்டும்.