ஐப்பசிக்கு முன் ஒரு வேலை



பாளையங்கோட்டையில் பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். புது வீடுகள் பலவற்றில் கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே கொரியன் புல் விரித்திருக்கிறார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் அது குடிக்கும் தண்ணீரைக் கணக்குப் பாருங்கள். இருபதடிக்குப் பத்தடி புல்தரையில், வெயில் நாளில் 5 மி.மீ. ஈரம் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டாலே தினம் 90 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும். ஏழெட்டுக் குடம்! மாநகராட்சிக் குழாயில் வருவதோ தாமிரபரணி உறைகிணற்றுத் தண்ணீர்.

ஆனி, ஆடியில் பொதிகை மலையில் மழை கொட்டும், பாபநாசம் அணைக்குத் தண்ணீர் வரும். பாளையங்கோட்டைக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே மேல்காற்று, மேலாக வேர்விடும் புல்லைக் காயவைத்துவிடுகிறது. நம் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது ஆழமாக வேர்பிடிக்கும் செடிகளே இந்த மண்ணுக்குத் தோது.

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2021-இல் இப்படிப் புல்லுக்குப் போகும் தண்ணீரைக் குறைக்கச் சட்டமே கொண்டுவந்தது. லாஸ் வேகாஸ் வட்டாரத்தில் அலுவலகங்கள், சாலையோரங்களில் வெறும் அலங்காரத்துக்கு வளர்க்கும் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது. தனி வீடுகளுக்குக் கட்டாயமில்லை. புல்லை எடுத்தால் மானியம் உண்டு. நமக்குச் சட்டமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். ஒரு மண்வெட்டி போதும்.

புரட்டாசி முடியுமுன் புல்லை எடுத்துவிடுங்கள். அடியில் இறுகிக் கிடக்கும் மண்ணைக் கொத்திவிடாவிட்டால் மழை உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடும். கோரை இருந்தால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். தொழு உரம் கலந்து, சருகு பரப்பி, முதல் மழைக்குக் காத்திருங்கள். மதில் ஓரம் ஒரு பவளமல்லி, அதற்கு முன்னால் செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, கீழே நித்தியகல்யாணி, துளசி, கனகாம்பரம். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலை கட்டாயம் வேண்டும். அதன் இலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழுக்களை நசுக்கிவிடாதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் அவை.

"செடி வச்சா பூச்சி பொட்டு அடையுமே" என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். நியாயமான பயம். ஆனால் அவர்கள் பயப்படும் பாம்பைப் பெரும்பாலும் இழுப்பது எலி, தவளை, ஒளிய இடம் தரும் செங்கல் குவியல், விறகுக் கட்டு. குவியலையும் கட்டையும் அப்புறப்படுத்துங்கள். பெரிய செடிகளின் அடிக்கிளைகளை முழங்கால் உயரத்துக்குக் கழித்துவிட்டால் தரை தெளிவாகத் தெரியும். நடைபாதையையும் வாசற்படியோரத்தையும் வெறுமையாகவே விடுங்கள். குழந்தைகள் விளையாட ஒரு மூலையில் செம்மண் தரை போதும். அறுகம்புல் தானாக முளைத்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் வருஷம் செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். வேர் பிடித்த பின் அரிசி கழுவிய நீரும், காய் அலசிய நீரும் தேவையில் ஒரு பகுதியைத் தீர்த்துவிடும்.

போன ஆடிக் காற்றை உங்கள் வீட்டில் எந்தச் செடி தாங்கி நின்றது, எது கருகியது? மண் கரிசலா, செம்மண்ணா, சரளா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை வைத்து, தெருவுக்குத் தெரு மாறும் இந்த மண்ணுக்கு ஏற்ற செடிப் பட்டியல் ஒன்றைக் கார்த்திகை இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்