ஒரே ஆள் ஜெயித்தால் ஜல்லிக்கட்டு சலித்துப் போகுமா?

விராலிமலை பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் தை பிறந்தால் ஒரே பேச்சுதான். எந்த ஊர் வாடிவாசல், யார் வீட்டுக் காளை, எத்தனை டோக்கன்! கொஞ்ச காலமாக அந்தப் பேச்சோடு ஒரு சலிப்பும் சேர்ந்து வருகிறது.

"அட போங்கண்ணே! ஜெயிச்சவனே ஜெயிக்கிறான். கார் வாங்கினவனே கார் வாங்குறான். இதுல பார்க்க என்ன இருக்கு?" என்கிறார்கள்.

இது வெறும் பொறாமைப் பேச்சு அல்ல. கணக்கைப் பாருங்கள்.

4 வருஷம், 2 பேர்!

அலங்காநல்லூரில் 2022-ல் முதல் பரிசு கருப்பாயூரணி கார்த்திக்கு. பிடித்த காளைகள் 21. 2023-ல் பூவந்தி அபிசித்தர் 26 காளைகளை அணைந்து முதல் பரிசு பெற்றார். 2024-ல் மறுபடியும் கார்த்தி. 2025-ல் மறுபடியும் அபிசித்தர். நாலு வருஷத்தில் இரண்டே பெயர்! பாலமேட்டிலும் 2022, 2024 இரண்டு வருஷமும் முதல் பரிசு பொதும்பு பிரபாகரனுக்கே போனது.

காளைகள் பக்கமும் இதே கதைதான். பேர் போன வீட்டுக் காளை வருகிறது என்று மைக்கில் சொன்னதும், பாதிப் பேர் தடுப்பு வேலியில் ஏறிவிடுகிறார்கள். காளை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஜம்மென்று போகிறது. "மாடு ஜெயிச்சிருச்சு!" அவ்வளவுதான்.

"ஒரு தடவை கார் வாங்கியவர் மறு வருஷம் களத்தில் இறங்கக் கூடாது. அப்போதான் புதுப் பையன்களுக்கு வழி கிடைக்கும்" என்று சிலர் யோசனையும் சொல்கிறார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சரிதானா?

கொம்பனை மறக்க முடியுமா?

விராலிமலைக்காரர்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை. கொம்பன் ஒன்றே போதும். அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கரின் காளை. பிடிபடாத காளை என்று பெயர் எடுத்தது. முடிவு தெரிந்த கதைதானே என்று அதைப் பார்க்க வராமல் யாராவது வீட்டில் உட்கார்ந்தார்களா? இல்லையே! "இன்னைக்காவது எவனாவது அணையுறானா பார்ப்போம்" என்றுதான் கூட்டம் முண்டியடித்தது.

2018 பிப்ரவரியில் தென்னலூர் ஜல்லிக்கட்டில் சீறி வந்த கொம்பன், வாடிவாசல் கட்டையில் மோதி விழுந்து செத்தது. சுற்றுவட்டாரமே துக்கம் கொண்டாடியது. சலித்துப் போன காளைக்கா ஜனங்கள் கண்ணீர் விடுவார்கள்?

குத்துச்சண்டையிலும் இதே பேச்சுதான்

இந்தப் புலம்பல் நம் ஊருக்கு மட்டும் சொந்தம் அல்ல. ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை பட்டத்தை விடவில்லை. 25 முறை பட்டத்தைக் காப்பாற்றினார். எதிராளி எல்லாம் சோப்ளாங்கி என்று அன்றைக்கே கேலி செய்தார்கள். பிறகு உக்ரைன் நாட்டு விளாடிமிர் கிளிட்ஸ்கோ 2006 முதல் 2015 வரை ஆண்டார். "தூக்கம் வருது" என்றார்கள். 2015 நவம்பரில் டைசன் ஃபியூரி அவரை வீழ்த்தினார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஏன்? விழுந்தவர் 9 வருஷம் விழாதவர்!

கோட்டை உயரமாக இருந்தால்தான் ஏறியவனுக்குப் பெருமை. கார்த்தியையும் அபிசித்தரையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டு இன்னொருவருக்குக் கார் கொடுத்தால் என்ன ஆகும்? "அவங்க இறங்கலை, அதான் இவன் வாங்கிட்டான்" என்று அதே டீக்கடையில் பேசுவார்கள். புதுப் பையனுக்கு அதைவிட அவமானம் வேண்டுமா?

அப்படியானால் சலிப்பு எங்கிருந்து வருகிறது?

எண்ணிக்கையில் இருந்து!

2019 ஜனவரி 20. விராலிமலையில் உலக சாதனை ஜல்லிக்கட்டு. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்தார். 1,353 காளைகள், 424 வீரர்கள். ஊருக்குப் பெருமைதான். ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். 9 மணி நேரம் விளையாட்டு என்று வைத்தால் 540 நிமிஷம். நிமிஷத்துக்கு இரண்டரை காளை! எந்த ஊர்க் காளை, யார் வளர்த்தது, யார் கை வைத்தது, எதைப் பார்ப்பது? அன்று 2 உயிரும் போனது. அந்த வீடுகளுக்குச் சாதனை என்ன ஆறுதல்?

வருஷம் பூரா பருத்திக்கொட்டை போட்டு, குளத்தில் நீச்சல் விட்டு, மண்ணைக் குத்தப் பழக்கி, பிள்ளை மாதிரி வளர்த்த ஏழை வீட்டுக் காளை, கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. நின்று விளையாட அதற்கு நேரம் ஏது?

தீர்ப்பும் பளிச்சென்று இருக்க வேண்டும். திமிலை ஒருவர்தான் பிடிக்கலாம், வாலையும் கொம்பையும் தொடக்கூடாது என்று விதி இருக்கிறது. இரண்டு பேர் தொங்கினால் யாருக்கும் கணக்கு இல்லை. ஆனால் நெரிசலில் இது யார் கண்ணுக்குத் தெரிகிறது? 2024 அலங்காநல்லூரில் கார்த்தி 18, அபிசித்தர் 17. ஒரே காளை வித்தியாசம். அதில் எழுந்த தகராறு ஊருக்கே தெரியும்.

என்ன செய்யலாம்?

சாம்பியனைத் தடுக்க வேண்டாம். காளைகளைக் குறைக்கட்டும். ஒவ்வொரு காளைக்கும் நேரம் கொடுக்கட்டும். தகராறு வந்தால் வீடியோவைப் போட்டுக் காட்டித் தீர்ப்பு சொல்லட்டும். முதல் தடவை இறங்கும் பையனுக்குத் தனிப் பரிசு வைக்கட்டும். ஒற்றைக் காளை வளர்க்கும் சம்சாரிக்கும் தனிப் பரிசு வைக்கட்டும். கார் மட்டும், வந்தவர்களில் கெட்டிக்காரன் யாரோ அவனுக்கே போகட்டும்!

2014-ல் தடை வந்தபோது வாடிவாசல்கள் பூட்டிக் கிடந்தன. 2017-ல் மெரினாவில் பிள்ளைகள் ராத்திரி பகலாக உட்கார்ந்து இந்த விளையாட்டை மீட்டார்கள். 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இத்தனை பாடுபட்டு மீட்டதை, ஜெயிக்கிறவனைப் பார்த்துச் சலித்துக்கொண்டு விட்டுவிடலாமா?

கார்த்தி வரட்டும். அபிசித்தர் வரட்டும். அவர்கள் இரண்டு பேரும் களத்தில் நிற்கும்போதே, அவர்களை ஒரு காளையாவது முந்த ஒரு விராலிமலைப் பையன் வரட்டும். அன்றைக்கு இந்த டீக்கடையில் உட்கார இடம் கிடைக்காது!