எல்லாருக்கும் 24 மணித்தியாலம் இல்லை

“எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 24 மணித்தியாலம்தானே? அவனுக்கு ஏலும்னா உனக்கு ஏன் ஏலாது?”

இதை ஏ.எல். செமினார்ல கேட்டோம். கெம்பஸ் வந்த பிறகும் கேட்டோம். பட்டம் முடிச்சு, வேலைக்கும் போயிட்டா இந்தக் கேள்வி நின்றுவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. தெல்தெனிய பக்கம் எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருத்தர் பல் வைத்தியர். அரச ஆஸ்பத்திரியில் வேலை. இப்போது பட்டப்பின் படிப்புக்கான தெரிவுப் பரீட்சைக்குப் படிக்கிறாங்க. அவங்க ஃபோனில் யாரோ அனுப்பிவிட்ட ஒரு டைம் டேபிள் இருக்கு. காலை 4.30க்கு எழும்ப வேணும். 5 முதல் 8 வரை ஒரு பாடம், 9 முதல் 1 வரை இன்னொன்று, பின்னேரம் மீட்டல், ராத்திரி 11 வரை கேள்விகள். அடியில் ஒரு வரி: சாக்குப்போக்குச் சொல்பவன் ஜெயிப்பதில்லை.

முதலில் அந்த அட்டவணை யாருக்குப் போட்டது என்று பாருங்க. இந்தியாவில் நடக்கும் நீட் எம்.டி.எஸ். பரீட்சைக்கு ஒரு கோச்சிங் சென்டர் போட்டது. அங்கே 3 மணித்தியாலத்தில் 240 கேள்வி, ஒரு கேள்விக்கு 45 விநாடி. சரியென்றால் 4 புள்ளி, பிழையென்றால் 1 புள்ளி வெட்டு. எங்க அக்கா எழுதப் போவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வைக்கும் பரீட்சை. நாடு வேற, பாடத்திட்டம் வேற, பரீட்சை விதி வேற. ஆனாலும் அட்டவணை மட்டும் கடல் தாண்டி வந்து, “நீ ஏன் 4.30க்கு எழும்பவில்லை?” என்று கேட்கிறது.

அந்த அட்டவணையில் இல்லாதது என்ன? காலை 8 முதல் பின்னேரம் 4 வரை ஆஸ்பத்திரி வேலை இல்லை. கண்டி பஸ் இல்லை. சோறு வடிக்கிற நேரம் இல்லை, அம்மாவைக் கிளினிக் கூட்டிப்போகிற நாள் இல்லை. இதை எழுதினவர் மனசில் ஒரு மாணவர் இருக்கிறார். அவருக்கு வேலை கிடையாது, தனி அறை உண்டு, தட்டில் சாப்பாடு போட்டுக் கொடுக்க இன்னொருத்தர் இருக்கிறார். அந்த இன்னொருத்தர் பெரும்பாலும் ஒரு பெண். எங்க அக்காவோ வீட்டில் அந்த இன்னொருத்தராகவும் இருக்கிறாங்க. அவங்களுக்கும் அந்த மாணவருக்கும் ஒரே 24 மணித்தியாலம் என்று சொல்வது பொய்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த மாதிரி அட்டவணையைப் பார்த்தால் பெரட்டுக்களம்தான் ஞாபகம் வரும். விடியக்காலையில் பெயர் கூப்பிடுவாங்க. கொழுந்து நிறை குறைஞ்சா அரைப்பேர். மழையா, காய்ச்சலா, மலை செங்குத்தா என்று தராசு கேட்காது. டைம் டேபிளில் ஒரே ஒரு வித்தியாசம்தான்: இங்கே ஆளும் நீங்களே, கங்காணியும் நீங்களே. ராத்திரி படுக்கும்போது உங்களுக்கு அரைப்பேர் போடுறதும் நீங்களே.

ஆர்ட்ஸ் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். “உங்களுக்கென்ன, நேரம் கிடக்கு” என்று எங்களைப் பார்த்துச் சொல்வது வழக்கம்தானே. நேரத்தைப் பற்றி எங்க ஃபெக்கல்ட்டி ஆட்கள் படிக்க வேண்டிய ஒரு கட்டுரை இருக்கு. வரலாற்றாசிரியர் ஈ.பி. தொம்சன் 1967இல் எழுதியது. இங்கிலாந்தில் ஆலைகள் வந்தபோது தொழிலாளிக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப்பட்டது நேரத்தின் அருமை. மணி அடித்தால் வர வேணும், வீணாக்கினால் பாவம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பின்னால் வந்த தலைமுறைகள் அதே கடிகாரத்தைக் காட்டி, வேலை நாளைப் பத்து மணித்தியாலமாகக் குறை என்றும், அதுக்கு மேல் வேலை வாங்கினால் கூடுதல் காசு கொடு என்றும் கேட்டார்கள். நாங்க இன்னும் முதல் படியிலேயே நிற்கிறோம். நேரத்தின் அருமை எங்களுக்கு நல்லாத் தெரியும். எங்க நேரத்தை எடுத்தது யார் என்று மட்டும் கேட்க மாட்டோம்.

கேட்டுப் பார்ப்போம். ஆகஸ்டில் நடந்து வந்த ஏ.எல். பரீட்சை, 2021ஆம் ஆண்டுக்கானது 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022க்கானது 2023 ஜனவரியில், 2023க்கானது 2024 ஜனவரியில். 2024 நவம்பரில் தொடங்கியதை வெள்ளம் இடையில் நிறுத்தியது. 2025இல் டித்வா புயல் வந்து, மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கி, இரண்டு மாதத்துக்கு மேல் பல்கலைக்கழகங்கள் முடங்கின. அந்த வேலைநிறுத்தத்துக்குக் காரணம் இருந்தது, கொரோனாவுக்கும் புயலுக்கும் யாரும் பொறுப்பில்லை. சரி. ஆனால் இத்தனை மாதம் போன பிறகு, “காலையில் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பினா எல்லாம் சரி” என்று எங்களிடம் சொல்ல என்ன துணிச்சல் வேணும்!

இந்தியாவிலும் இதே கூத்துதான். நீட் எம்.டி.எஸ். 2024 முதலில் பெப்ரவரி 9 என்றார்கள், பிறகு மார்ச் 18 ஆனது. அதே வாரியம் நடத்தும் மருத்துவ நீட் பி.ஜி. 2024 இன்னும் மோசம். மார்ச் 3, ஜூலை 7, ஜூன் 23 என்று திகதி ஓடியது. ஜூன் 22 ராத்திரி, விடிந்தால் பரீட்சை என்ற நிலையில், ஒத்திவைத்தார்கள். கடைசியில் ஆகஸ்ட் 11இல் நடந்தது. திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் போட்ட ஒவ்வொருத்தரும் அன்று ராத்திரி என்ன செய்திருப்பார்கள்? திட்டமிடத் தெரியாதவர்கள் மாணவர்களா, நடத்துகிறவர்களா?

“அப்ப திட்டமே வேணாம்னு சொல்றியா?” இல்லை. நேரம் குறைந்தவருக்குத்தான் திட்டம் அதிகம் தேவை. ஆனால் அது உண்மையான திட்டமாக இருக்க வேணும்.

மனுசர் போடும் திட்டம் எப்போதும் வெள்ளைமனசோடுதான் இருக்கும். 1994இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், இறுதி ஆண்டு மாணவர்களிடம் ஆய்வுக்கட்டுரை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எடுத்தது 55.5 நாள். எல்லாமே பிழைத்துப்போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அந்தப் பதிலே 48.6தான்! ஆகவே அட்டவணை பிந்துவது சோம்பேறித்தனத்துக்குச் சாட்சி இல்லை. திட்டம் போடுகிற எல்லாருக்கும் நடப்பது அது.

அக்காவோடு இருந்து கணக்குப் பார்த்தபோது முதலில் எழுதியது படிக்கும் நேரத்தை அல்ல, போகும் நேரத்தை. வேலை, பஸ், வீடு எல்லாம் கழித்தால் வேலை நாளில் மிஞ்சியது ஒன்றரை மணித்தியாலம். அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் காற்றுக்கும் மழைக்கும் விட்டோம். மிச்சத்தைச் சமமாகப் பங்கு போடவில்லை. தினமும் கை வைக்கிற வேலை, பல் பிடுங்குவது, அடைப்பது, நோயாளியைப் பரிசோதிப்பது, மறக்காது. மறந்திருப்பது முதல் வருசங்களில் படித்த உடற்கூற்றியல், உயிர்இரசாயனம், மருந்தியல். நேரம் அங்கேதான் போக வேணும். புத்தகத்தை நாலாம் தரம் வாசிப்பதை விட, மூடிவைத்து ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்ப்பது நாள் போனாலும் நிற்கும் என்று 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் காட்டினார்கள். அதுக்கு மேசைகூட வேணாம். திகன தாண்டி பஸ் ஆடும்போதும் பத்துக் கேள்வியை மனசுக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இதோடு நின்றால் நானும் இன்னொரு மோட்டிவேஷன் பேச்சாளர்தான். ஒன்றரை மணித்தியாலத்தை எப்படிப் பிழிவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ஏன் ஒன்றரைதான் என்று கேட்காமல் போவது அநியாயம்.

ஏ.எல். காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கண்டி அந்த 16இல் இல்லை. ஆகவே தெல்தெனிய மலையில் லயத்து அறையில் படிக்கிற பிள்ளைக்கும், கண்டி டவுனில் பெரிய ஸ்கூலும் டியூஷனும் காலடியில் உள்ள பிள்ளைக்கும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி. அதே “எல்லாருக்கும் 24 மணித்தியாலம்” கணக்குத்தான், அரச முத்திரையோடு.

கேட்க வேண்டியவை பெரிய விசயம் இல்லை. பரீட்சைத் திகதியை ஒரு வருசம் முந்தியே சொல்லுங்க, சொன்னதைக் காப்பாற்றுங்க. வேலை செய்துகொண்டு படிக்கிற வைத்தியர்களுக்குப் படிப்பு லீவை உரிமையாகக் கொடுங்க, தயவாக இல்லை. ஊர் நூலகத்தை ராத்திரி 9 வரையாவது திறந்து வையுங்க. வீட்டில் இருக்கிற அண்ணன் தம்பிமாரே, அரிசியைக் கழுவி அடுப்பில் வையுங்க. நீங்க அனுப்புகிற நூறு மோட்டிவேஷன் வீடியோவை விட அந்த முக்கால் மணித்தியாலம் பெரிசு.

அதுவரை, 4.30 அட்டவணையை யாராவது அனுப்பினால் திருப்பி ஒரு கேள்வி மட்டும் அனுப்புங்க: “இதில் சோறு ஆக்குவது யார்?”